ஆளை எண்ணிய காலமும் புள்ளியை எண்ணும் காலமும்

தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடம் வரை உள்ள காலனிகளில் இப்போது ஒரு புதுத் தலைமுறை இருக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பொறியியல் பட்டம் வாங்கியவர்கள், தொழிற்சாலைகளிலும் ஐ.டி. நிறுவனங்களிலும் மூன்று நான்கு வருடம் வேலை பார்த்தவர்கள். இந்தத் தம்பி தங்கைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கனடாவுக்கு ஸ்கோர் போட்டுப் பார்த்தேன், 336 வருது. கூட வேலை செய்யறவனுக்கு 429. ரெண்டு பேரும் ஒரே படிப்பு, ஒரே வேலை. அவனைவிட எனக்கு என்ன குறைச்சல்?"

நியாயமான கேள்வி. ஏஜெண்டிடம் கேட்டால், "இங்கிலீஷைச் சரி பண்ணுங்க" என்பார். கனடா அரசின் இணையப் பக்கத்தைக் கேட்டால் ஒரு அட்டவணையைக் காட்டும். இரண்டும் பொய் இல்லை. ஆனால் அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது, அதற்கு முன் நம்மை எதை வைத்து எடை போட்டார்கள் என்ற வரலாறு தெரியாவிட்டால், 336 என்ற எண்ணை நம் தகுதி என்று நாமே நம்பிவிடுவோம். தலித் இளைஞர்கள் நம்பக் கூடாத பொய்களில் அது முதன்மையானது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

படிவத்தில் சாதிக்குக் கட்டம் இருந்த காலம்

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். அடுத்த 50 ஆண்டுகளில், 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர்.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. படித்தவரா என்று பார்த்து எடுக்கவில்லை. மருத்துவர் உடம்பைப் பார்த்து "வேலைக்குத் தேறும்" என்றால் போதும். ஐந்து வருட ஒப்பந்தம். அந்தப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆங்கிலத்துக்குக் கட்டம் இல்லை.

நம் மக்கள் ஏன் கடல் தாண்டினார்கள்? படப்பை இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி 1891இல் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். உழுகிறவனுக்கு நிலம் இல்லை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில் இருக்கிறது. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசு உரிமையைக் காட்டித் தடுத்துவிடுகிறார்கள் என்று அதில் எழுதினார். 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான். நிலம் மறுக்கப்பட்ட ஊரில் கப்பல்தான் மிச்சம் இருந்த வாசல்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் போனவர்களுக்கும் கதை இதேதான். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தார். அந்தக் கடன் தோட்டம் வரை கூடவே வந்தது. தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. உழைப்பு தேவைப்பட்ட வரையில் யாரும் காகிதம் கேட்கவில்லை. காகிதம் கேட்டது பிறகு. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டு வா என்றார்கள். தோட்ட லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பரீட்சை என்னும் வேலி

உடம்பை மட்டும் எண்ணிய அதே காலத்தில் இன்னொரு கணக்கும் தொடங்கியது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் மட்டும் போகவில்லை. சொந்தச் செலவில் வியாபாரிகளும் போனார்கள். வெள்ளையருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் "இந்தியருக்கு அனுமதி இல்லை" என்று வெளிப்படையாகச் சட்டம் எழுதினால் லண்டனுக்குச் சங்கடம். எனவே 1897இல் நேட்டால் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடியேற வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். சட்டத்தில் எங்கும் இனத்தின் பெயர் கிடையாது. யார் வெளியே நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்தச் சோதனை பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். கரும்பு வெட்ட வருகிறவனுக்கு மொழி தேவையில்லை. சுதந்திரமான மனிதனாக வருகிறவனுக்குத்தான் பரீட்சை.

ஆஸ்திரேலியா 1901இல் இதையே இன்னும் கூர்மையாக்கியது. அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை வாசிப்பார், வந்தவர் அதை எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகான் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளர், பாசிசத்தை எதிர்த்துப் பேச ஆஸ்திரேலியா போனார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். அவரை வடிகட்ட ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். பிறகு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் அந்தச் சோதனை முறை 1958 வரை உயிரோடு இருந்தது. யாரை வேண்டாம் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற கேள்வித்தாளைத் தயாரிக்கிற கலை அது.

கனடா வேறு வழி கண்டுபிடித்தது. 1908இல், பிறந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் கப்பல் மாறாமல் வருகிறவர்களுக்கே அனுமதி என்று விதி செய்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராகப் போகும் கப்பல் சேவையே நடைமுறையில் இல்லை. 1914இல் 376 பயணிகளோடு வான்கூவர் சென்ற 'கோமகட்டா மாரு' கப்பலை இரண்டு மாதம் கடலில் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பியதும் இந்த வழியில்தான்.

1893இல் நம் முன்னோர் சொன்னது

பொதுவானது போலத் தோன்றும் ஒரு விதி எப்படி வேலி ஆகிறது என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை ஆதரித்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. தேசமே கொண்டாடியதாகச் சொல்வார்கள். சீனிவாசன் கொண்டாடவில்லை. எதிர்த்துக் கூட்டம் போட்டு, 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

இதை வைத்து அவரை "வெள்ளைக்காரன் ஆள்" என்று ஏசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர் கேட்டது எளிய கேள்வி. பள்ளிக்கூடத் திண்ணையில் எங்களை ஏறவிடாதவர்கள், சென்னையில் வைக்கும் பரீட்சையில் எங்களோடு போட்டியிட்டு ஜெயித்து, எங்கள் மேல் கலெக்டராக வந்து உட்கார்ந்தால் எங்களுக்கு யார் நியாயம் சொல்வார்கள்?

இங்கே இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். 1870களின் கடைசியில் ஐ.சி.எஸ். தேர்வுக்கு வயது உச்சவரம்பை ஆங்கிலேயர் 21இலிருந்து 19ஆகக் குறைத்தார்கள். படித்த மேல்சாதி இந்தியர்கள் நாடு முழுக்கக் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். 19 வயதுக்குள் கடல் கடந்து போய் எழுது என்பது இந்தியனை வெளியே நிறுத்தும் தந்திரம் என்று அவர்களுக்கு உடனே புரிந்தது. சரியான புரிதல்தான். வயது வரம்பு தங்களைத் தடுக்கும்போது தந்திரம் என்று கண்டுகொண்டவர்கள், பரீட்சை சேரியைத் தடுக்கும்போது மட்டும் அதைத் தகுதி என்றார்கள்.

சீனிவாசன் பிறகு ஆப்பிரிக்கா சென்று, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1921இல் ஊர் திரும்பினார். கூலியாகப் போன நம் மக்களின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் சொல்லும் இடத்தில் அவர் இருந்தார். மொழி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் குறைவு.

1967: ஒரு வகுப்புக்கு ஒரு புள்ளி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெளிப்படையான இனத் தடை கனடாவுக்கு அவமானம் ஆனது. தொழில் வளர்ச்சிக்கு ஆளும் தேவைப்பட்டது. 1962இல் இனப் பாகுபாட்டின் பெரும்பகுதியை விதிகளிலிருந்து நீக்கினார்கள். 1967 அக்டோபரில் உலகின் முதல் புள்ளிமுறையைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 100 புள்ளி. 50 எடுத்தால் நுழையலாம். கல்விக்கு 20, அதிகாரியின் நேரடி மதிப்பீட்டுக்கு 15, தொழிலுக்கு உள்ள தேவைக்கு 15, தொழில்திறனுக்கு 10, வயதுக்கு 10, கையில் வேலை இருந்தால் 10, ஆங்கிலம் பிரெஞ்சுக்கு 10, உறவினர் இருந்தால் 5, போகும் ஊரில் வேலைவாய்ப்புக்கு 5.

இது முன்னேற்றம்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவதைவிட ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது மேல். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் மக்கள் அந்த வழியாகப் போனார்கள்.

ஆனால் யார் போனார்கள்? கல்விப் புள்ளியை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: முடித்த ஒவ்வொரு ஆண்டுப் படிப்புக்கும் ஒரு புள்ளி. 1967இல் செங்கல்பட்டு மாவட்டச் சேரியில் பன்னிரண்டு, பதினைந்து வருடம் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அக்ரகாரத்தில் எத்தனை பேர்? கனடா அதிகாரி சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. எத்தனை வருடம் படித்தாய் என்று கேட்டாலே, ஊர் எந்தப் பக்கம், சேரி எந்தப் பக்கம் என்று பிரிந்துவிடும்.

அதே 1967 ஏப்ரலில், இங்கே இந்திய உச்சநீதிமன்றம் சத்வந்த் சிங் சானி வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, அரசு தன் இஷ்டத்துக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்றது. அதுவரை பாஸ்போர்ட் என்பது அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகை. "கூலிகளின் நாடு" என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று, எழுத்தறிவில்லாத உழைப்பாளிகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கத் தயங்கிய அரசு சுதந்திர இந்தியாவின் அரசு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் 1967 பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

அதோடும் முடியவில்லை. 1983 குடிபெயர்வோர் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட பட்டியல் நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். பாதுகாப்புக்காக என்றார்கள். ஏமாற்றும் ஏஜெண்டுகளிடமிருந்து பாதுகாப்பு தேவைதான். இருந்தாலும், பத்தாவது தாண்டாதவரின் பாஸ்போர்ட்டில் ஒரு குறி போட்டுப் பிரித்து வைக்கும் பழக்கம் நம் நாட்டுக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

1200க்கு எத்தனை?

இப்போது இன்றைய கணக்குக்கு வருவோம். 2015 ஜனவரி 1 முதல் கனடாவில் நடப்பது எக்ஸ்பிரஸ் என்ட்ரி. பழைய முறையில் பாஸ் மார்க் இருந்தது, அதைத் தொட்டால் உங்கள் விண்ணப்பம் வரிசையில் நிற்கும். புதிய முறையில் பாஸ் மார்க் முதல் படி மட்டுமே. வெளிநாட்டிலிருந்து திறன்தொழிலாளர் பிரிவில் போகிறவர் 100க்கு 67 எடுத்தால் ஒரு குளத்துக்குள் இறங்கலாம். அந்தக் குளத்தில் இருப்பவர்களை 1200 புள்ளிக்குத் தரவரிசைப்படுத்துவார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அரசு ஒரு சுற்று நடத்தி, மேலிருந்து இத்தனை பேர் என்று அழைக்கும். கடைசியாக அழைக்கப்பட்டவரின் புள்ளிதான் அந்தச் சுற்றின் கட்-ஆஃப். ஒரே புள்ளியில் பலர் இருந்தால், முன்னால் பதிவு செய்தவருக்கு முன்னுரிமை. ஒரு வருடத்துக்குள் அழைப்பு வராவிட்டால் மறுபடி பதிய வேண்டும்.

1200 என்றதும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நினைவு வருவது பழைய பிளஸ் டூ. அந்த 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017இல் 'நீட்' என்ற வேறொரு தராசில் நிறுத்தி, 86 மதிப்பெண்தான் என்று சொன்னார்கள். அதே மாணவி, அதே மூளை. மாறியது தராசு மட்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த 1200ஐப் படியுங்கள்.

திருமணம் ஆகாத ஒருவருக்கு வயதுக்கு அதிகபட்சம் 110. 20 முதல் 29 வயது வரை முழுப் புள்ளி. 30இல் 105, 33இல் 88, 35இல் 77, 40இல் 50, 45இல் பூஜ்யம். இளங்கலைப் பட்டத்துக்கு 120, முதுகலைக்கு 135, முனைவர் பட்டத்துக்கு 150. ஆங்கிலத்தில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் 34 வரை. பிறகு 'திறன் மாற்றம்' என்று 100 புள்ளி. படிப்பையும் வேலை அனுபவத்தையும் ஆங்கிலத்தோடு சேர்த்துக் கணக்கிடுவது அது. கனடா மாகாணம் ஒன்று உங்களைத் தேர்ந்தெடுத்தால் தனியாக 600.

நம் தம்பியின் 336க்கு வருவோம். வயது 29: 110. பி.இ.: 120. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவிலும் 6: ஒவ்வொன்றுக்கும் 17, ஆக 68. திறன் மாற்றத்தில் படிப்புக்கு 13, மூன்று வருட அனுபவத்துக்கு 25. மொத்தம் 336.

அவருடைய நண்பருக்கும் வயது 29, அதே பி.இ., அதே மூன்று வருடம். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டலில் 8, மற்றவற்றில் 7. மொழிக்கு 124. திறன் மாற்றத்தில் படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 50. மொத்தம் 429.

வித்தியாசம் 93. இதில் 56 மட்டுமே மொழிக்கான நேரடிப் புள்ளி. மீதி 37, அதே பட்டத்துக்கும் அதே வேலைக்கும் மதிப்பைக் கூட்டியதால் வந்தது. ஆங்கிலம் வீட்டிலேயே புழங்கியவரின் பி.இ.யும் மூன்று வருட உழைப்பும், தமிழ்வழியில் படித்து வந்தவரின் பி.இ.யையும் உழைப்பையும்விட அதிக எடை பெறுகின்றன.

வயதையும் பாருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி எப்போது இந்தக் கணக்குக்கு வருகிறார்? கல்விக் கடன் அடைந்து, தங்கை கல்யாணம் முடிந்து, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு தீர்ந்த பிறகு. அதற்குள் 33 ஆகிவிடும். 22 புள்ளி போய்விட்டது. வீட்டுக்குச் சம்பளம் அனுப்ப வேண்டியிராத பிள்ளை 25 வயதிலேயே முழுப் புள்ளியோடு நிற்கும்.

பணமும் புள்ளியாக மாறுகிறது. கனடாவிலேயே படித்தால் கூடுதல் புள்ளி, அங்கே ஒரு வருடம் வேலை பார்த்தால் மேலும் 40. ஆனால் மாணவராகப் போக, கட்டணம் போக ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 20,635 டாலர் காட்ட வேண்டும் என்று 2024 ஜனவரியில் உயர்த்தினார்கள். நிலம் விற்றோ அடமானம் வைத்தோ அந்தத் தொகையைக் காட்ட முடிகிறவர் காட்டுவார். ட்ரெமென்ஹீர் அறிக்கையில் நிலமில்லை என்று எழுதப்பட்டவரின் கொள்ளுப்பேரன் எதைக் காட்டுவார்?

மற்ற நாடுகளிலும் இதே சாயல். ஆஸ்திரேலியாவில் குறைந்தது 65 புள்ளி. 25 முதல் 32 வயதுக்கு 30, உயர்ந்த ஆங்கிலத்துக்கு 20. அங்கே ஒரு சிறு ஆறுதல்: சமூக மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழில் தேறினால் 5 புள்ளி கிடைக்கும். சிங்கப்பூர் 2023 செப்டம்பரில் வேலை அனுமதிக்குக் கொண்டுவந்த புள்ளிமுறையில் 40 எடுக்க வேண்டும். உயர்வரிசைப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு 20, மற்ற பட்டதாரிக்கு 10. கிண்டி ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சாதி எப்படித் 'தகுதி'யாக உருமாறுகிறது என்று மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த உருமாற்றம் விமான நிலையத்தோடு நிற்பதில்லை, அடுத்த நாட்டின் அட்டவணை வரைக்கும் போகிறது.

கட்-ஆஃப் இறங்கியபோது யாரும் அழவில்லை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். புள்ளிதான் தகுதி என்றால் கட்-ஆஃப் நிலையாக இருக்க வேண்டும் இல்லையா? 2015 ஜனவரி 31 அன்று நடந்த முதல் சுற்றில் கட்-ஆஃப் 886. ஆறு வருடம் கழித்து, 2021 பிப்ரவரி 13 அன்று, கட்-ஆஃப் 75. ஆம், எழுபத்தைந்து. அன்று ஒரே நாளில் 27,332 பேரை அழைத்தார்கள். கொரோனாவால் எல்லை மூடியிருந்தது, ஏற்கெனவே கனடாவுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை வைத்து அந்த ஆண்டின் இலக்கை எட்ட வேண்டியிருந்தது. இறக்கிவிட்டார்கள். "தகுதி போச்சு, தரம் போச்சு" என்று யாரும் தெருவில் இறங்கவில்லை.

2024 தொடக்கத்தில் பொதுச் சுற்றுகளின் கட்-ஆஃப் 520ஐத் தாண்டி நின்றது. 429 எடுத்த நண்பருக்கும் அழைப்பு இல்லை. ஆனால் அதே பிப்ரவரி 29 அன்று, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்காக நடந்த தனிச் சுற்றில் கட்-ஆஃப் 336. நம் தம்பியின் அதே 336. கியூபெக்குக்கு வெளியிலும் பிரெஞ்சு பேசுவோர் எண்ணிக்கை தேயக் கூடாது என்பது கனடாவின் கொள்கை. அதற்காகத் தனி வரிசை, தனிக் கட்-ஆஃப். 2025 மார்ச்சில், வேலைக் கடிதத்துக்கு அதுவரை கொடுத்துவந்த 50, 200 புள்ளிகளை ஒரே உத்தரவில் நீக்கினார்கள். கடிதங்களை விலைக்கு விற்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

இவற்றில் எதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. ஒரு சமூகம் தனக்கு யார் வேண்டும், எந்த மொழி வாழ வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்பப் புள்ளியை மாற்றுகிறது. அது அரசியல் முடிவு. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மாறும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஒரு மொழியைக் காப்பாற்றத் தனிக் கட்-ஆஃப் நியாயம் என்றால், ஈராயிரம் வருடம் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட மக்களைக் கைதூக்கிவிடத் தனிக் கட்-ஆஃப் எப்படி அநியாயம் ஆகும்? இடஒதுக்கீட்டைத் "தகுதிக் கொலை" என்று பேசிவிட்டு, அடுத்த நாளே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து குறைந்த கட்-ஆஃபில் டொராண்டோ போகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

புள்ளி இல்லாமல் போனவர்கள்

கனடாவில் இன்று தமிழ் கேட்கும் தெருக்கள் இருக்கின்றன. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அந்த நாட்டு நாடாளுமன்றம் 2016இல் அறிவித்தது. அந்தத் தமிழ்ச் சமூகத்தைக் கட்டியவர்களில் பெரும்பகுதி புள்ளி எடுத்துப் போனவர்கள் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். போரிலிருந்து உயிர் தப்பிப் போனவர்கள் அவர்கள். அட்டவணையில் நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? உணவகங்களில் பாத்திரம் கழுவி, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, ஒரு தலைமுறைக்குள் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்கினார்கள். ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதை அட்டவணையால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு அவர்களே சாட்சி.

இன்னொரு பக்கமும் உண்டு. புள்ளி எடுத்துப் போனவர்கள் சாதியை விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை. போயிருந்தால், 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்ய வேண்டிய தேவை வந்திருக்காது. அதே ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையமும் சாதிப் பாகுபாடு பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட வேண்டி வந்திருக்காது. அட்டவணை சாதியைக் கேட்கவில்லை. சாதி தானாகவே விசா வாங்கிக்கொண்டு போய்விட்டது. அங்கே அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள், தப்பித்தவறி அந்தக் கதவைத் தாண்டிய நம் தோழர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு. புள்ளி பார்த்து அல்ல, பொறுப்பை உணர்ந்த ஒரு அரசு கொடுத்தது. அந்த வழியைப் பெரிதாக்குவது நம் அரசியல் வேலை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்கள்தான், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நாடு முழுமைக்கும் 115! இதை உயர்த்தக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தைப் பற்றி நம் காலனிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியப்படுத்துவது நம் கடமை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஆங்கிலம் பேசவும் எழுதவும் உண்மையாகக் கற்றுத்தர ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். 93 புள்ளி வித்தியாசம் ஐஇஎல்டிஎஸ் கோச்சிங்கில் தொடங்கவில்லை, மூன்றாம் வகுப்பில் தொடங்கியது.

தனிப்பட்ட முறையில் போக விரும்பும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது, புள்ளிக் கணக்கை அரசின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஏஜெண்டிடம் லட்சம் கொடுக்காதீர்கள். ஐஇஎல்டிஎஸ் கட்டணமே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல், மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். எனவே தயாராகாமல் எழுதாதீர்கள். தாட்கோ இத்தகைய ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பயிற்சி அறிவிக்கும்போது விசாரித்துச் சேருங்கள். எந்த முடிவுக்கும் முன் அன்றைய விதியை அரசுப் பக்கத்தில் படியுங்கள், ஏனென்றால் போன வருட அட்டவணை இந்த வருடம் செல்லாது.

போவதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. போகிறவர்களை "ஓடிப்போகிறான்" என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். நம் பாட்டன்மார் போனது ஆசையில் இல்லை, ஊர் இடம் கொடுக்காததால். ஆனால் அந்த அட்டவணை உங்களுக்கு 336 என்று சொன்னால், அது உங்கள் மூளையை அளந்த எண் என்று நினைக்காதீர்கள். உங்கள் தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட நிலம், அம்மாவுக்கு மறுக்கப்பட்ட பள்ளி, உங்களுக்குத் தாமதமாக வந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சிய எண் அது. இவ்வளவையும் கழித்த பிறகும் 336 மிஞ்சியிருக்கிறது என்றால், குறைச்சல் உங்களிடம் இல்லை.